செவ்வரத்தை பூத்தால் தேன்சிட்டு வரும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்தோடு சேர்ந்த இரண்டு பரப்புக் காணி சும்மா கிடக்கிறது. பூங்கா ஆக்கலாம் என்று முடிவெடுத்திருக்கிறோம். இளைஞர்கள் புல்தரையும் குரோட்டனும் கேட்கிறார்கள், எனக்கோ குருவிகள் வரவேண்டும் என்று ஆசை. என்ன நடலாம்?
(வாசகி ஒருவர், கொக்குவில்)

பதில்: உங்கள் ஆசையோடுதான் நானும் நிற்கிறேன். புல்தரை வேண்டாம். யாழ்ப்பாணத்தில் மாசிக்குப் பிறகு புரட்டாசி வரை மழை என்று சொல்ல, சித்திரையில் பெய்கிற கொஞ்சம்தான் இருக்கிறது. வருடம் முழுக்க ஓடுகிற ஆறும் நமக்கு இல்லை, குடிக்கிற கிணற்றுத் தண்ணீரையே புல்லுக்கும் இறைக்க வேண்டிவரும். இறைத்து வளர்த்தாலும், ஒட்ட வெட்டிய புல்லில் ஒரு குருவிக்கு என்ன கிடைக்கும்?

இரண்டு பரப்பு என்றால் ஏறக்குறைய 500 சதுர மீற்றர். பெரிய மரம் இரண்டு போதும். மேற்குப் பக்கம் ஒரு வேம்பு வையுங்கள், பின்னேர வெயிலை அது மறைக்கும், பழுக்கிற காலத்தில் குயிலும் மைனாவும் அங்கேயே கிடக்கும். பின் மூலையில் ஒரு நாவல். அதை வாங்குக்கு மேலே வரும்படி நடாதீர்கள், பழம் விழுந்தால் உடுப்பில் கறை போகாது. மரத்துக்குக் கீழே நொச்சி, செவ்வரத்தை, எக்ஸோரா என்று இடுப்பளவு செடிகளை நெருக்கமாகக் கூட்டம் கூட்டமாக வையுங்கள். வரிசையில் ஒவ்வொன்றாக வைத்தால் குருவி ஒளிய இடம் இருக்காது. புலுனிக் குருவிக் கூட்டம் அப்படியான பற்றைக்குள்தான் கிளறித் திரியும், தேன்சிட்டு செவ்வரத்தைக்குத் தானாகவே வரும்.

அப்புறம், வண்ணத்துப்பூச்சி. எல்லோரும் பூவை மட்டும் நடுகிறார்கள், புழுவுக்குச் சாப்பாடு வைக்க மறந்துவிடுகிறார்கள். கறிவேப்பிலையிலும் தேசியிலும் கருப்பு வண்ணத்துப்பூச்சி முட்டை இடும், கொன்றையில் வெளிர்மஞ்சள் நிறத்தது, எருக்கலையில் செம்மஞ்சள் நிறத்தது. இலை அரித்திருக்கிறது என்று யாராவது மருந்து அடிக்க வந்தால் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள். குஞ்சு வளர்க்கிற குருவிகளுக்கும் அந்தப் புழுதான் தீன்.

எல்லைக்கு மதில் கட்டக் காசு சேர்க்கிறீர்கள் என்றால் அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். மழை தொடங்கும்போது கிளுவைத் தடியும் பூவரசந்தடியும் வெட்டிக் கதியாலாக நாட்டினால் அடுத்த வருடமே பச்சை வேலி. ஓணான், அணில், குருவி எல்லாம் வந்துபோக அது வழிவிடும், மதில் விடாது.

கேள்வி: பற்றை வளர்த்தால் பாம்பும் டெங்கும் வரும் என்று எங்கள் ஒழுங்கைச் சனம் எதிர்க்கிறது. என்ன சொல்லிப் புரியவைப்பது?
(வாசகர், சாவகச்சேரி)

பதில்: அவர்களுடைய பயத்தைக் குறைத்துப் பேசாதீர்கள். சுருட்டையும் புடையனும் நாகமும் உள்ள ஊர் இது. நடைபாதையில் இருந்து ஒரு மீற்றர் தள்ளியே செடி தொடங்கட்டும், இருக்கைக்குப் பக்கத்தில் கல்லோ ஓடோ விறகோ குவிக்க வேண்டாம், சாப்பாட்டு மிச்சம் கொட்டவே கூடாது. எலி வருகிற இடத்துக்குத்தான் பாம்பு வரும். இருட்டினால் டோர்ச் இல்லாமல் நடக்க வேண்டாம் என்று ஒரு பலகையும் போடுங்கள்.

டெங்கு வேறு கதை. அந்த நுளம்பு முட்டை இடுவது யோகட் கப், சிரட்டை, பழைய டயர், அடைபட்ட பீலி மாதிரி தண்ணீர் தேங்கும் இடங்களில். முட்டை காய்ந்த பாத்திரத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும், அதனால் தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது, உள்பக்கம் தேய்த்துக் கழுவ வேண்டும். குருவிக்குத் தண்ணீர்ச் சட்டி வைத்தால் இரண்டு நாளுக்கு ஒருமுறை இதே மாதிரி கழுவி நிரப்புங்கள். கார்த்திகை, மார்கழியில் பூங்காவைச் சுற்றிக் கப்பும் பொலித்தீனும் பொறுக்க ஆள் வையுங்கள், ஒழுங்கைச் சனத்தையும் கூப்பிடுங்கள்.

கேள்வி: அப்பாவின் நினைவாக ஊர் வீதியில் 500 மரம் நடக் காசு அனுப்ப விரும்புகிறேன். எப்படிச் செய்யலாம்?
(வாசகர், ரொறன்ரோ)

பதில்: 50 நடுங்கள். மிச்சக் காசை இரண்டு கோடைக்குத் தண்ணீருக்கு வையுங்கள். இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நானும் சேர்ந்து ஒரு வீதி ஓரம் தைப்பொங்கல் கழித்து நூற்றுக்கு மேல் கன்று நட்டோம், படம் எடுத்தோம், மாலை போட்டோம். சோளகக் காற்று வைகாசியில் தொடங்கியது, ஆடிக்குள் அநேகமாக எல்லாம் காய்ந்துபோயின, நின்றதில் பாதியைக் கட்டாக்காலி ஆடுகள் முடித்தன. அந்தக் காய்ந்த தடிகளைத் தாண்டி வேலைக்குப் போகவே மனம் பொறுக்கவில்லை.

ஐப்பசி முதல் மழையோடு நட்டால் வேர் பிடிக்க இரண்டு மாதம் கிடைக்கும். வடக்கில் கார்த்திகையை மரநடுகை மாதம் என்று கொண்டாடுகிறார்கள், அதற்குள்ளாவது நட்டு முடியுங்கள். மேல்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் வந்தால் அகலமாகவே கிடங்கு வெட்டி எருவும் இலைச்சருகும் போடுங்கள். கன்றுக்குப் பக்கத்தில் ஒரு மண்முட்டியைக் கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் நிரப்பி மூடிவிட்டால் அது மெதுவாகக் கசிந்து வேருக்கே போகும், அள்ளி ஊற்றுவதைவிட எவ்வளவோ மிச்சம். சுற்றிவரப் பனைமட்டை நெருக்கிக் கட்டினால் ஆடு வாய் வைக்காது. மின்கம்பிக்குக் கீழே மரம் வேண்டாம், அங்கே மாதுளை, நொச்சி போதும்.

எந்த மரம் என்று கேட்டால், ஊர்ப்பெயரைப் பாருங்கள்: வேம்படி, அரசடி, புங்கங்குளம், இலுப்பையடி. எது இங்கே நின்று தழைக்கும் என்று நமக்கு முன் இருந்தவர்கள் பெயரிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். கெதியாக வளரும் என்று இப்பில் இப்பில் என்கிற மரக்கன்றைத் தந்தால் வாங்காதீர்கள், விதை விழுந்த இடமெல்லாம் அதுவே நிற்கும். பண்ணைக் கடற்கரைப் பக்கம் மாதிரி உவர்க்காற்று அடிக்கிற இடம் என்றால் பூவரசும் புன்னையும் தாங்கும்.

கேள்வி: எங்கள் குளத்தைச் சுற்றிக் கல் கட்டி விளக்குப் போட்டு அழகாக்கினார்கள். முன்பு வந்த பறவைகள் இப்போது இல்லை. ஏன்?
(வாசகி, பருத்தித்துறை)

பதில்: கொக்குக்கு நிற்க இடம் இல்லை, அதுதான். கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுதான் அது மீன் பிடிக்கும். கரை செங்குத்தாக இறங்கினால் எங்கே நிற்கும்? நீர்க்கோழிக்கும் முக்குளிப்பானுக்கும் கூடு கட்டக் கோரை வேண்டும். முழுவதையும் உடைக்கத் தேவையில்லை. சனம் குறைவாகப் போகிற ஒரு பக்கத்தில் மட்டும் கல்லை எடுத்து மண் போட்டுச் சரிவாக்கி, கோரையைத் தானாக வளர விட்டு, மேலே இரண்டு மருது நடச் சொல்லி உள்ளூராட்சி சபைக்குக் கடிதம் கொடுங்கள். அந்தப் பக்க விளக்கை இரவில் அணைக்கவும் கேளுங்கள். குளத்துக்கு மழைநீர் கொண்டுவருகிற வாய்க்கால் அடைபடாமல் இருக்கிறதா என்றும் நேரில் போய்ப் பாருங்கள், அது அடைந்தால் உங்கள் கிணறும் சேர்ந்து வற்றும்.

கேள்வி: பூங்காவில் நிற்கும் பனைகளின் காய்ந்த ஓலை அசிங்கமாக இருக்கிறது, வெட்டிவிடலாமா?
(வாசகர், நல்லூர்)

பதில்: நடைபாதைக்கு மேலே தொங்குவதை மட்டும் வெட்டுங்கள். மற்றதை விடுங்கள். பனை உழவாரன் ஓலையின் அடிப்பக்கத்தில் இறகைத் தன் எச்சிலால் ஒட்டித்தான் கூடு வைக்கும், பின்னேரம் பனைத் தலையைச் சுற்றிச் சுற்றிப் பறப்பது அதுதான். ஒருநாள் ஐந்தரை மணிக்குப் போய் நின்று பாருங்கள்.