நாலு திரியையும் ஒரே நாளில் கொளுத்தியவன் சொல்கிறேன்

தம்பி, நவம்பர் 27 அன்று ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் வந்து இறங்குகிறேன், கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறுகள் அடங்கிய திருவருகைக் காலம் அங்கே எப்படி இருக்கும், ஊரிலிருந்து கிறிஸ்துமஸ் ஸ்டார் கொண்டுவரலாமா, வாடகை எவ்வளவு, என்ன ஜாக்கெட் வாங்குவது என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். வாடகையை உங்கள் கம்பெனியில் கேளுங்கள். ஜாக்கெட்டை இங்கே வந்து வாங்குங்கள். நான் பேச வந்தது அந்த ஸ்டாரைப் பற்றி.

நான் வந்தது 1996 நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி. மறுநாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அது தெரியும். ஞாயிற்றுக்கிழமை இந்த ஊரில் கடை திறக்காது என்பதுதான் தெரியாது. தூத்துக்குடியில் அம்மா கட்டிக்கொடுத்த மக்ரூனும் குழாய்த் தண்ணீரும்தான் அன்றைக்குச் சாப்பாடு. நாலரை மணிக்கே இருட்டிவிட்டது. கீழே குடியிருந்த வீட்டுக்காரப் பாட்டி கதவைத் தட்டிக் காபிக்குக் கூப்பிட்டார்.

மேசையில் ஊசியிலைக் கிளைகளால் கட்டிய வளையம், அதில் நான்கு தடித்த சிவப்பு மெழுகுதிரி. ஒன்று மட்டும் எரிந்தது. பாட்டி அடுப்படிக்குப் போன நேரம் பார்த்து, மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று மீதி மூன்றையும் நானே கொளுத்தினேன். திரும்பி வந்தவர் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றையும் ஒவ்வொன்றாக ஊதி அணைத்தார். பிறகு என் பக்கம் திரும்பி ஒற்றை விரலைக் காட்டினார்.

அப்புறம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 1839இல் ஹாம்புர்க்கில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய விஹெர்ன் என்ற போதகர் ஆரம்பித்த வழக்கம் அது. கிறிஸ்துமஸ் எப்போது எப்போது என்று பிள்ளைகள் துளைத்தெடுத்ததால் ஒரு சக்கரத்தில் திரிகளை நட்டு, தினம் ஒன்றாக ஏற்றினார் என்பார்கள். ஞாயிறுகளுக்கு மட்டும் பெரிய திரி. வீடுகளில் நிலைத்தது அந்த நான்குதான், ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றுவார்கள்.

நம் ஊரிலும் காத்திருக்க வேண்டும் என்ற சட்டம் இதேதான். சாமியாருக்கு ஊதா உடுப்பு, மூன்றாம் ஞாயிறு ரோஜா நிறம், பூசையில் வானவர் கீதம் என்ற புகழ்ப்பாட்டு கிடையாது. ஆனால் டிசம்பர் 1ஆம் தேதி தெருவெல்லாம் ஸ்டார் ஏறி, வீடு வீடாகப் பாடிப் போகும் கேரல் ரவுண்ட்ஸும் ஆரம்பித்துவிட்டால் காத்திருப்பது யார்?

ஸ்டார் கொண்டுவாருங்கள், கண்சிமிட்டும் சீரியல் பல்பு மட்டும் வேண்டாம். நான் ஜன்னலில் மாட்டினேன். தூங்க முடியவில்லை என்று எதிர்வீட்டுக்காரர் தபால் பெட்டியில் சீட்டுப் போட்டார். ஜெர்மன்காரர் எல்லாரும் பொறுமைசாலிகள் என்றும் நினைக்க வேண்டாம். செப்டம்பரிலேயே கடைகளில் லெப்குகன் என்ற கிறிஸ்துமஸ் மசாலா கேக்கை அடுக்கிவிடுவார்கள், முணுமுணுத்துக்கொண்டே வாங்கவும் செய்வார்கள். வளையத்தை எரியவிட்டு வெளியே போகாதீர்கள். மூன்றாவது வாரத்தில் கிளைகள் காய்ந்துவிடும், ஒரு பொறி போதும்.

இன்னொன்று. நகராட்சியில் முகவரி பதியும் தாளில் மதம் கேட்கும் கட்டம் இருக்கும். கத்தோலிக்கர் என்று எழுதினால் கோவில் வரி பிடிப்பார்கள். உங்கள் மாநிலத்தில் அது வருமான வரியில் 8 சதவீதம். சம்பளத்தில் 8 என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள். நம் ஆட்கள் பலர் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, குழந்தை பிறந்ததும் ஞானஸ்நானத்துக்குச் சாமியாரிடம் சண்டைக்கு நிற்பார்கள். எனக்கு அது பிடிக்காது. 28 வருடத்துக்கு மேலாகக் கட்டிக்கொண்டிருப்பவன் என்பதால் சொல்கிறேன்.

இதைவிட எரிச்சல், நம்மவர்களின் கிறிஸ்துமஸ் விழா. மண்டபம் மலிவாகக் கிடைக்கிறது என்று டிசம்பர் இரண்டாம் ஞாயிறே கேக் வெட்டி, பிரியாணி போட்டு, தாத்தா வேஷமும் கட்டி முடித்துவிடுவார்கள். 25ஆம் தேதி கூப்பிட்டால் "அண்ணே, அதுதான் கொண்டாடியாச்சே" என்கிறார்கள். நான் இப்போது போவதில்லை. மனைவி போவாள், பிரியாணி கொண்டுவருவாள், சாப்பிடுவேன்.

நான் வந்த அந்த வருடம் டிசம்பர் 4, புனித பார்பரா திருநாள். அன்றைக்குப் பாட்டி தோட்டத்துச் செர்ரி மரத்தில் நாலு குச்சி வெட்டி ஜாடித் தண்ணீரில் வைத்தார். மொட்டைக் குச்சி. கிறிஸ்துமஸுக்குள் பூக்கும் என்றார், நான் நம்பவில்லை. எங்கள் வீட்டில் குடிலில் வைக்கப் புல் வேண்டுமென்று அம்மா தட்டில் கேழ்வரகு தூவி, தினமும் காலையில் தண்ணீர் தெளிப்பாள்; முளை எவ்வளவு வந்தது என்று நானும் தங்கையும் விரலால் அளப்போம். அந்த ஜாடியைப் பார்க்கவே தினமும் சாயங்காலம் கீழே இறங்க ஆரம்பித்தேன். 23ஆம் தேதி ராத்திரி ஒரு குச்சியில் மூன்று பூ. போன் கார்டு வாங்கி அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "கேழ்வரகு முளைச்சிருச்சுடா" என்றாள் அவளும்.

சரி, உங்களுக்கு முதல் ஞாயிறு நவம்பர் 29. வெள்ளி இறங்குகிறீர்கள். சனிக்கிழமை மறக்காமல் அரிசி, பால், முட்டை வாங்கி வைத்துவிடுங்கள்.