பத்து நாளில் நிறுத்திய மாத்திரையும், இரவில் போடும் மாத்திரையும்

கேள்வி: எனக்கு 62 வயது. ஊர் உசிலம்பட்டி. ஓராண்டாகச் சிறுநீர் திடீர் திடீரென்று முட்டிக்கொண்டு வருகிறது. மகளைப் பார்க்க மதுரைக்கு பஸ் ஏறினால், செக்கானூரணி தாண்டுவதற்குள் தவித்துப் போகிறேன். இரவில் நான்கு முறை எழுந்திருக்கிறேன். சர்க்கரையும் கிருமித் தொற்றும் இல்லை என்று சோதித்துவிட்டு, மருத்துவர் சோலிஃபெனாசின் 5 மி.கி. எழுதிக் கொடுத்தார். வாய் வறண்டு, மலச்சிக்கலும் வந்ததால் பத்தே நாளில் நிறுத்திவிட்டேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு மிராபெக்ரான் 50 மி.கி. நன்றாகக் கேட்கிறதாம். அதை வாங்கிப் பாதியாக உடைத்துப் போடலாமா? இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்ட்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுகிறேன்.

பதில்: அம்மா, கடைசியாக, போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில் இருந்துதான் தொடங்க வேண்டும். ஹைட்ரோகுளோரோதயசைடு நீரை வெளியேற்றும் மருந்து. போட்ட இரண்டு மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் வரை விடாது. ஒன்பது மணிக்கு விழுங்கினால் பதினொரு மணிக்கு ஒருமுறை, ஒரு மணிக்கு ஒருமுறை என்று எழுப்பத்தான் செய்யும். அந்தப் பழியில் ஒரு பங்கையாவது உங்கள் சிறுநீர்ப்பை வீணாகச் சுமக்கிறது. இரத்த அழுத்த மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று அதை எழுதிய மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சிறுநீர்ப் பிரச்சினைக்கு வருகிறவர்களிடம், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வேன். பாதி விடை அந்தப் பைக்குள்ளேயே கிடக்கும்.

பகலில் வரும் அவசரம் வேறு கதை. சிறுநீர்ப்பை நிரம்பும் முன்பே அதன் தசை தன் போக்கில் சுருங்குகிறது. 'சுருங்கு' என்று நரம்பு அனுப்பும் தகவலைத் தசையிடம் சேர்ப்பது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். அது போய் ஒட்டும் இடத்தை சோலிஃபெனாசின் அடைத்துவிடுகிறது. சங்கடம் என்னவென்றால், உமிழ்நீர் சுரப்பதற்கும் குடல் அசைவதற்கும் அதே அசிட்டைல்கோலின்தான் வேண்டும். ஆகவே உங்களுக்கு வந்தது ஒவ்வாமை அல்ல. மருந்து போகிற வழியில் செய்யும் பக்க வேலை.

ஆனால் பத்து நாள் போதாது. பலன் முழுதாகத் தெரிய குறைந்தது நான்கு வாரம் ஆகும். வறட்சி முதல் வாரத்திலேயே வந்துவிடும், பலன் மெதுவாகத்தான் வரும். அந்த இடைவெளியில்தான் பலர் மருந்தைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். இன்னொன்றும் நடக்கும். வாய் வறள்கிறதே என்று செம்பு செம்பாகத் தண்ணீர் குடிப்பார்கள், கூடுதலாகக் கழிப்பறைக்கு ஓடுவார்கள், பிறகு 'மாத்திரை கேட்கவில்லை' என்பார்கள். வாயைக் கொப்பளியுங்கள், ஒரு கீற்று நெல்லிக்காயை அடக்கிக்கொள்ளுங்கள். மலச்சிக்கலுக்குக் கீரை, கொய்யா, தேவையானால் மருத்துவர் தரும் இளக்கி. இதைச் சாதாரணமாக விடாதீர்கள்: இறுகிய மலம் சிறுநீர்ப்பையை அழுத்தி அவசரத்தைக் கூட்டும்.

அக்காவின் மாத்திரைக்கு வருவோம். மிராபெக்ரான் அடைக்கிற மருந்து அல்ல; நிரம்பும் நேரத்தில் தசையைத் தளர்ந்திருக்கச் செய்வது. வாய் வறட்சி, மலச்சிக்கல் தொல்லை இதில் குறைவு. வயதானவர்களுக்கு முதல் வகையால் மறதியும் குழப்பமும் வரக்கூடும் என்பதால், நானும் பல நேரங்களில் இதன் பக்கமே சாய்கிறேன். ஆனால் இது இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியது. 180/110 அளவில் கட்டுக்கடங்காமல் இருப்பவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. உங்களுக்குக் கொடுப்பதானால், அழுத்தத்தை அளந்து பார்த்து, பெரும்பாலும் 25 மி.கி.யில் தொடங்கி, மறுபடியும் அளக்க வேண்டும்.

உடைப்பது கூடவே கூடாது. மருந்து நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்படி செய்த மாத்திரை அது. உடைத்தாலோ மென்றாலோ அந்த அமைப்பே கெட்டுப்போகும். 25 மி.கி. மாத்திரை தனியாகவே கிடைக்கிறது.

சோலிஃபெனாசினையே தொடர்வதென்று முடிவானால், கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. குறுகிய கோணக் கண் அழுத்த நோய் இருந்தால் இந்த வகை ஆகாது. ஐயமிருந்தால் பார்த்துவிடுங்கள், அரவிந்த் கண் மருத்துவமனை 1976 முதல் இருக்கும் மதுரையில் இதற்கு அலைய வேண்டியதில்லை. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் கேட்டு வாங்கும், தூக்கம் வரவைக்கும் மாத்திரைகளும் வறட்சியைக் கூட்டும்.

ஆயுள் முழுக்கவா என்று கேட்பீர்கள். அப்படியில்லை. மருந்தோடு பழக்கமும் சேர்ந்தால் சில மாதங்களில் குறைத்துப் பார்க்கலாம். மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை முறை போனீர்கள், எப்போது அடக்க முடியவில்லை. காப்பி, தேநீர் எத்தனை டம்ளர் என்பதும் வேண்டும். நோட்டைப் பார்த்தபின் 'நான் இவ்வளவு தேநீரா குடிக்கிறேன்' என்று சிரித்தவர்கள் உண்டு. 'உடம்புச் சூடு' என்று ராத்திரியில் வெந்தயத் தண்ணீரும் நீர்மோரும் குடிப்பதை மாலையோடு நிறுத்துங்கள். பஸ் பயணத்துக்குப் பயந்து காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படாமல் இருப்பதும் தப்பு. சிறுநீர் கெட்டியாகிப் பையை இன்னும் உறுத்தும்.

சிறுநீரில் இரத்தம், குளிர்க்காய்ச்சல், நீர் பிரியாமல் அடிவயிறு உப்பிக்கொள்வது, கால் மரத்துப்போவது என்றால் மாத்திரைப் பேச்சை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

அடுத்த முறை செக்கானூரணிக்கு முன்பே அவசரம் வந்தால், எழுந்து நிற்க வேண்டாம். சீட்டில் அசையாமல் உட்கார்ந்து, காற்று வெளியேறாமல் அடக்குவதுபோல் அடித்தசையை வேகமாக ஐந்தாறு முறை இறுக்கி விடுங்கள். அவசரம் அலைபோல ஏறி இறங்கும். இறங்கியதும் மகளுக்கு போன் போட்டுப் பேசத் தொடங்குங்கள். கவனம் வேறு பக்கம் திரும்பினால் அரசரடி வரை தாங்கும்.