ஸ்டாருக்கு ஒரு நாள், குடிலுக்கு ஒரு நாள்

அன்புள்ள ஐயா,

எனக்குப் பிறந்த வீடு சேலம் அஸ்தம்பட்டி, புகுந்த வீடு ஏற்காடு. அம்மா வீட்டில் டிசம்பர் 1 பிறந்தாலே ஸ்டார் ஏறிவிடும். இங்கே அத்தை, “24 சாயங்காலத்துக்கு முன்னால் எதையும் வைக்கக் கூடாது” என்கிறார். போன வருடம் பிடிவாதமாக முதல் தேதியே எல்லாவற்றையும் வைத்தேன். பண்டிகைக்குள் சவுக்குக் கிளை காய்ந்து கொட்டிவிட்டது, காகித ஸ்டார் நைந்து தொங்கியது. எடுப்பதிலும் தகராறுதான். ஜனவரி 6 தாண்டினால் வீட்டுக்கு ஆகாது என்கிறார் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. அத்தையோ பிப்ரவரி 2 வரை குடிலைத் தொட விடுவதில்லை. எதுதான் சரி?

வாசகி, ஏற்காடு

அன்புள்ள சகோதரி,

உங்கள் அம்மா சொல்வது ஸ்டாருக்குச் சரி, அத்தை சொல்வது குடிலில் வைக்கும் பாலன் இயேசு சுரூபத்துக்குச் சரி. எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றி ஒரே நாளில் இறக்க நினைப்பதால்தான் இத்தனை தகராறும்.

முதலில் நாள்கணக்கு. கிறிஸ்துமஸுக்குத் தயாராகும் திருவருகைக் காலம் அதற்கு முந்தைய நான்காவது ஞாயிறு தொடங்கும். எந்த ஆண்டானாலும் அது நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் நடுவில்தான் விழும். 2026இல் நவம்பர் 29. அன்றே ஸ்டார் கட்டலாம். வழி காட்டுவதுதானே அதன் வேலை, முன்னால் வரட்டும். குடிலின் கூரை, ஆடுமாடு, இடையர் எல்லாம் மூன்றாம் ஞாயிறுக்கு மேல் வந்தால் போதும். தீவனத்தொட்டி மட்டும் காலியாக இருக்கட்டும். 24 இரவுப் பூசை முடிந்து வந்து பாலனை வையுங்கள். மூன்று ராஜாக்களை அன்றைக்கே குடிலுக்குள் திணிக்காதீர்கள். அலமாரியின் மறுகோடியில் நிறுத்தி, நாளுக்கு ஒரு சாண் நகர்த்தி வந்தால், அவர்கள் பாலனைக் கண்டு வணங்கியதை நினைக்கும் திருக்காட்சி விழாவன்று வந்து சேர்வார்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அந்த வேலையை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

இனி நைந்த ஸ்டார். டிசம்பர் தொடக்கத்தில் வடகிழக்குப் பருவமழை இன்னும் முடிந்திருக்காது, உங்கள் ஊரில் மழை இல்லாத நாளிலும் மூடுபனி உண்டு. காகித ஸ்டார் வேண்டுமென்றால் சன்ஷேடுக்கு அடியில், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிக் கட்டுங்கள். மொட்டைமாடிக் கம்பத்துக்கு பிளாஸ்டிக் ஸ்டார்தான் தாங்கும். உள்ளே 60 வாட் குண்டு பல்பு போட்டால் காகிதம் பழுப்பேறும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு; 5 அல்லது 7 வாட் எல்இடி போதும். ஸ்டாரின் பாரம் நைலான் கயிற்றில் நிற்க வேண்டும், ஒயரில் அல்ல. ஒயர் ஜன்னலுக்குள் நுழையும் இடத்துக்கு முன் ஒரு சாண் கீழே தொங்கி மேலேறினால், மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. சீரியல் செட்டை ஒயர் முனையைச் சீவி சாக்கெட்டில் செருகி எரியவிடுவதை இன்னும் பல வீடுகளில் பார்க்கலாம். வேண்டவே வேண்டாம். மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அந்த லைனில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

சவுக்குக் கிளை வெட்டிய பூ மாதிரி. டிசம்பர் 20க்கு முன் வாங்காதீர்கள். அடியை அரை அங்குலம் புதிதாக வெட்டி, ஈர மணல் நிரப்பிய பக்கெட்டில் உடனே நடுங்கள், தினமும் மணலில் தண்ணீர் ஊற்றுங்கள். புத்தாண்டு வரை தாங்கும். தொட்டால் ஊசிகள் உதிரத் தொடங்கிய கிளையின் மேல் சீரியல் லைட்டோ பக்கத்தில் மெழுகுவத்தியோ ஆபத்து; அன்றே வெளியேற்றிவிடுங்கள். தொட்டியில் வளர்க்கும் கிறிஸ்துமஸ் மரமான அரக்கேரியா என்றால் இரண்டு வாரத்துக்கு மேல் வீட்டுக்குள் வைக்காதீர்கள். வெளிச்சம் குறைந்து அடிக்கிளை காய்ந்தால் அந்த இடத்தில் மறுபடி கிளைக்காது.

குடிலுக்குப் பசும்புல் வேண்டுமென்றால் கேழ்வரகு விதையுங்கள். சேலத்தில் 13ஆம் தேதி விதைத்தால் போதும், மலைக்குளிரில் முளைக்கத் தாமதமாகும் என்பதால் நீங்கள் 8ஆம் தேதியே விதைக்க வேண்டும். இரவு முழுக்க ஊறவைத்து, அடியில் ஓட்டை போட்ட தட்டில் தென்னைநார்க் கழிவோ மணலோ பரப்பி, சதுர அடிக்கு ஒரு சின்னக் கைப்பிடி தூவி, மேலே லேசாக மூடுங்கள். அடர்த்தியாகத் தூவினால் பூஞ்சை பிடித்து அழுகிவிடும். எறும்பு விதையைத் தூக்கிப் போகாமலிருக்க தட்டைச் சுற்றி மஞ்சள்தூள். 23 வரை வெயில்படும் இடத்தில் இருக்கட்டும். நேரே குடிலுக்குள் முளைக்கவிட்டால் வெளிறி நீண்டு சாய்ந்துவிடும். புத்தாண்டு வாக்கில் மஞ்சளாகும்போது கோழிக்குப் போட்டுவிடலாம். முதலில் வெளியேற வேண்டியது இதுதான்.

எடுக்கும் நாளுக்கு வருவோம். ஆன்ட்டி சொல்லும் ஜனவரி 6 இங்கிலாந்துக்காரர்கள் நம்பிக்கை. கிறிஸ்துமஸின் பன்னிரண்டு நாள் முடிந்தும் தோரணம் தொங்கினால் ஆகாது என்பார்கள். திருச்சபை அப்படி எந்தச் சட்டமும் போடவில்லை. கத்தோலிக்க நாட்காட்டியில் கிறிஸ்துமஸ் காலம் ஆண்டவரின் திருமுழுக்கு (ஞானஸ்நான) விழாவோடு முடிகிறது. இந்தியாவில் திருக்காட்சி ஜனவரி 2 முதல் 8க்குள் வரும் ஞாயிறு என்பதால் 2027இல் அது ஜனவரி 3, திருமுழுக்கு ஜனவரி 10. போகிக்கு மூன்று நாலு நாள் முன்னால்! பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும் வேலையோடு இதுவும் முடிந்துவிடும். ஜிகினாச் சரங்களை மட்டும் போகி நெருப்பில் போட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் பிளாஸ்டிக், விஷப்புகை.

ஏற்காட்டில் காலையில் இறக்கக் கூடாது. வெயிலேறிய மத்தியானத்தில் இறக்கி, இரண்டு நாள் வீட்டுக்குள் காயவிட்டுப் பெட்டியில் வையுங்கள். ஈரத்தோடு மூடினால் ஒயர் முனைகளில் பச்சை பூக்கும், அடுத்த வருடம் பாதி சரம் எரியாது. ஒயரை முழங்கையில் சுற்றாமல் அட்டையில் சுற்றுங்கள். சுரூபங்களைச் செய்தித்தாளில் பொதிந்தால் ஈரமும் மையும் ஒட்டும், பழைய வேட்டித்துணி நல்லது. தெர்மகோல் குடில் இருக்கும் பெட்டியில் அந்துருண்டை போடாதீர்கள். பட்ட இடத்தில் தெர்மகோல் இளகிக் குழிவிழும். பேட்டரியைக் கழற்ற மறக்க வேண்டாம்.

அத்தையின் பிப்ரவரி 2ம் வெறும் பிடிவாதம் அல்ல. பிறந்து நாற்பதாம் நாள் ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக்கிய விழா அது, அதுவரை குடிலை வைத்திருப்பது பழைய வழக்கம். மரியாள், சூசையப்பர், பாலன் மூன்று சுரூபங்களையும் பீடத்துக்கு மாற்றி அதுவரை வைத்திருங்கள். வைக்கோலை மட்டும் ஜனவரியிலேயே எடுத்துவிடுங்கள், எலி வந்துவிடும்.