வேலையை நானே விட்டேன், இனி பணம் கிடைக்காதா?

கலிஃபோர்னியாவிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: வேர்ஹவுஸில் நான்கு வருட வேலை, முதுகு வலி வந்து 20 பவுண்டுக்கு மேல் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார், பாரம் தூக்காத வேலை கேட்டேன், தரவில்லை, வேலையை விட்டுவிட்டேன். வேலையின்மை உதவித்தொகைக்கு மனுப் போட்டால், தானே விலகியவர் என்று இ.டி.டி. (அந்தத் தொகையைத் தரும் மாநில வேலைவாய்ப்புத் துறை) மறுத்துவிட்டது. கிரீன் கார்டில் இருக்கிறேன். மேல்முறையீடு செய்யலாமா?

கட்டாயம் செய்யுங்கள் அம்மா. வேலையை விட்டவருக்குப் பணம் கிடையாது என்று உங்களிடம் சொன்னவர்கள் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள். தக்க காரணம் இல்லாமல் விட்டவருக்குத்தான் கிடையாது, அந்த மாநிலத்தின் வேலையின்மைக் காப்பீட்டுச் சட்டத்தின் 1256-ஆம் பிரிவு சொல்வது அதுதான்.

முதலில் நோட்டீஸை எடுத்து, அதை அவர்கள் தபாலில் அனுப்பிய தேதியைப் பாருங்கள். உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, அந்தத் தேதியிலிருந்துதான் 30 நாள் கணக்கு. இந்த முடிவை ஏற்கவில்லை, மேல்முறையீடு செய்கிறேன் என்று சுருக்கமாக எழுதினாலே போதும், முழுக் கதையும் இப்போது வேண்டாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அதிலேயே கேளுங்கள், இலவசம்தான், மகனைப் பேசவைக்க வேண்டாம். அப்புறம், இன்னும் வேலை இல்லை, தேடிக்கொண்டிருக்கிறேன் என்று இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இ.டி.டி.க்குச் சான்றளிப்பதை நிறுத்திவிடாதீர்கள். வழக்கில் ஜெயித்தாலும் சான்றளித்த வாரங்களுக்குத்தான் பணம் வரும், மறுத்துவிட்டார்களே இனி எதற்கு என்று விட்டுவிட்டுப் பின்னால் வருந்துகிறவர்களை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

விசாரணை பெரும்பாலும் தொலைபேசியில்தான் நடக்கும். வேலையை விடுவதற்கு முன் அதைக் காப்பாற்றிக்கொள்ள என்ன செய்தீர்கள் என்று நீதிபதி கேட்பார், உங்கள் வழக்கே இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. வேறு வேலை தாருங்கள் என்று சூப்பர்வைசருக்கு நீங்கள் அனுப்பிய மெசேஜ், அதற்கு வந்த பதில் இரண்டையும் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, டாக்டர் கடிதத்தோடு முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். வாயால் மட்டும் கேட்டிருந்தால், எந்த நாள், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று இப்போதே எழுதி வையுங்கள்.

ஒன்றில் மட்டும் ரொம்பக் கவனம். நீதிபதி இரக்கப்படுவார் என்று நினைத்து, என்னால் எந்த வேலையும் செய்ய முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். வேலை செய்யும் நிலையில் இருந்து வேலை தேடுகிறவருக்குத்தான் இந்தத் தொகை, உடம்பு முடியாதவர்களுக்கு ஊனக் காப்பீடு என்று தனியாக ஒன்று இருக்கிறது. பாரம் தூக்க முடியாது, ஆனால் உட்கார்ந்து செய்யும் வேலை நாளைக்கே கிடைத்தாலும் போவேன், இன்னின்ன இடங்களில் கேட்டிருக்கிறேன் என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

கிரீன் கார்டை நினைத்தும் பயம் வேண்டாம். இது அரசாங்கம் போடும் தர்மம் இல்லை, உங்கள் உழைப்பின் பேரில் முதலாளி கட்டிய வரியிலிருந்து வருவது, அதனால் குடியேற்றச் சட்டத்தில் இது உங்களுக்கு எதிராக எண்ணப்படாது. வாரம் 450 டாலர் வரை, அதிகபட்சம் 26 வாரம், எதற்காக விட்டுக்கொடுக்க வேண்டும்?

நீதிபதியும் மறுத்தால் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக இன்னொரு 30 நாள் உண்டு. சரி, அது அப்புறம். இன்றைக்கு அந்த நோட்டீஸில் இருக்கும் தேதியைப் பாருங்கள்.