வாசகர் கேள்வி பதில்: ஒட்டகம் ஏத்தின சரக்குக் கப்பல்

கேள்வி: போர்க்கப்பலைப் பத்தி எல்லாரும் எழுதுறீங்க, அதுக்கெல்லாம் சாமான் கொண்டுபோன கப்பல்களைப் பத்தி யாரும் பேசறதே இல்லையே சார். பாய்மரக் காலத்துல அப்படி சொல்லிக்கிற மாதிரி ஒண்ணு உண்டா?

பதில்: உண்டுங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச கப்பல் அது. அமெரிக்கக் கடற்படையோட ‘சப்ளை’, செய்யற வேலையையே பேரா வெச்சிருக்காங்க. 1846 டிசம்பர்ல மெக்சிகோ சண்டை நடந்துட்டு இருந்தப்ப பாஸ்டன்ல வாங்கி, அந்த மாசமே வேலைக்கு விட்டுட்டாங்க.

அடுத்த வருஷமே வேற மாதிரி வேலை. வில்லியம் லிஞ்ச்னு ஒரு லெப்டினன்ட், சாக்கடலை அளக்கணும்னு செம்புல ஒண்ணு இரும்புல ஒண்ணுன்னு ரெண்டு படகை இதுல ஏத்திக்கிட்டு பாலஸ்தீனக் கரைக்குப் போனார். அங்கிருந்து படகு ரெண்டையும் வண்டியில வெச்சு ஒட்டகம் பூட்டி மலையேத்தி கலிலேயாக் கடலுக்குக் கொண்டுபோய், யோர்தான் ஆத்து வழியா சாக்கடல்ல இறங்கினாங்க. சாக்கடல் கடல்மட்டத்துக்கு சுமார் 1,300 அடி கீழ இருக்குன்னு இந்தப் பயணத்துலயும் அளந்து சொன்னாங்க.

1854ல அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரியோட ஜப்பான் போன கப்பல் கூட்டத்துலயும் இருந்துச்சு, அது கிடக்கட்டும், ஒட்டகக் கதைக்கு வரேன். டெக்சாஸ் பக்கம் தண்ணி இல்லாத காட்டுல ராணுவச் சுமை தூக்க ஒட்டகம் சரிப்படுமான்னு பாக்க 1855ல அமெரிக்க காங்கிரஸ் 30,000 டாலர் ஒதுக்குச்சு, கொண்டுவர்ற பொறுப்பு சப்ளைக்கு. கேப்டன் டேவிட் போர்ட்டர் ஒட்டகத்துக்குன்னே கொட்டில் கட்டினார், ஒரு ஒட்டகம் அவ்ளோ உசரம், திமில் இடிக்குதுன்னு மேல்தளத்துலயே ஓட்டை போட்டாங்க. புயல் அடிச்சா கால் உடைஞ்சிரும்னு அதுங்களை மண்டிபோட வெச்சு கட்டிவெச்சாங்க, எவ்ளோ அக்கறை பாருங்க!

கேள்வி: உயிரோட போய்ச் சேந்துச்சா?

பதில்: சேந்துச்சு. 1856 பிப்ரவரில துருக்கியோட ஸ்மிர்னா துறைமுகத்துல இருந்து கிளம்பினப்ப 33, மே மாசம் டெக்சாஸ்ல இண்டியனோலா துறைமுகத்துல இறங்கினப்ப 34. வழியில குட்டி போட்டதுல ரெண்டு பிழைச்சுது, பெரிசு ஒண்ணுதான் செத்துச்சு. மூணு மாசம் பாய்மரக் கப்பல்ல, அந்தக் காலத்துல இது பெரிய விஷயம். உடனே திரும்பிப் போய் 1857ல இன்னும் 41 கொண்டுவந்தாங்க.

கேள்வி: சண்டையே போடலையா அது?

பதில்: அமெரிக்க உள்நாட்டுப் போர்ல 1862 ஜனவரில, ஆயுதம் ஏத்திட்டு எதிரணியான தென் மாநிலங்களுக்குப் போன ‘ஸ்டீபன் ஹார்ட்’ங்கிற படகை ஃபுளோரிடா பக்கம் மடக்கிப் பிடிச்சுது. அப்புறம் வியன்னா, பாரிஸ் கண்காட்சிகளுக்கு சாமான் சுமந்துச்சு. 1884ல வித்துட்டாங்க.