செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டரைக்கு

கேள்வி: காரைக்குடியில் பல வருடங்களாக லேடீஸ் பொட்டிக் நடத்துகிறேன். வீடு கண்டனூர் பக்கம். புரட்டாசியில் தீபாவளிச் சரக்குக்கு, மாசியில் கோடைச் சரக்குக்கு என்று வருடத்துக்கு இரண்டு தடவை பாங்காக் போய் வருவேன். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள். கடையை வேலைக்கு இருக்கும் இரண்டு பெண்கள் பார்த்துக்கொள்வார்கள். நான் ஊர் சுற்றப் போகிறேன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் என் ஒரு நாள் எப்படிப் போகிறது தெரியுமா? விடியுமுன் எழுந்து பிரதுனாம் காலைச் சந்தை. அப்புறம் பிளாட்டினம் மாலில் மாடி மாடியாக அலைச்சல். தையலை இழுத்துப் பார்த்து, ஈரக் கைக்குட்டையால் தேய்த்துச் சாயம் விடுகிறதா என்று பார்த்துத்தான் ஒவ்வொரு டிசைனும் எடுப்பேன். மதியம் இரண்டு மணிக்கு ஆறாவது மாடி ஃபுட் கோர்ட்டில் உட்கார்ந்து வீட்டுக்கு வீடியோ கால். ஒன்பதாவது படிக்கும் மகள், அப்பத்தாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுத்ததையும் சாதம் குழைய வடித்ததையும் காட்டுவாள். இந்த மாசியில் செவ்வாய்க்கிழமை கூப்பிட்டபோது ரசமே வைத்திருந்தாள். கெட்டிக்காரி. மகனுக்கு இந்த வருடம் ப்ளஸ் டூ, அவனைத் தொந்தரவு செய்வதில்லை. அதன்பின் கார்கோ ஆபீஸ். மிச்சத்தைப் பெட்டியில் அடைத்துவிட்டு ராத்திரி ரூமில் கணக்கு. ஒரே ஒரு சாயங்காலம் சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போவேன். இவ்வளவு பாடுபட்டுத் திரும்பினால், மாமியார் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசமாட்டார். “கடல் தாண்டிப் போய்த்தான் சட்டை வாங்கணுமாக்கும்” என்பார். கணவர் ஃபைனான்ஸ் நடத்துகிறார். நல்லவர், திருச்சி ஏர்போர்ட் வரை காரில் கொண்டுவந்து விடுவார். அவரும், “எல்லாம் சீனாச் சரக்குதானே, ஆன்லைனில் எடுத்துக்கோயேன்” என்கிறார். என் உழைப்பை இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, காரைக்குடி

பதில்: மாமியார் கதையை அப்புறம் பேசலாம். முதலில் ஒரு மணிக்கணக்கு.

தாய்லாந்து நேரம் நம் நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முந்தி. உங்களுக்கு அங்கே இரண்டு மணி என்றால் இங்கே பகல் பன்னிரண்டரை. மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை பன்னிரண்டரை மணிக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அடுப்படியில் நிற்கிறது. ஏன் என்று நீங்கள் எழுதவில்லை, எழுத வேண்டும் என்று தோன்றவும் இல்லை. கெட்டிக்காரி என்று ஒரு பட்டம் கொடுத்துவிட்டு நேரே கார்கோ ஆபீசுக்குப் போய்விட்டீர்கள்.

புரட்டாசியில் என்றால் காலாண்டு விடுமுறை என்று ஏதாவது சொல்லித் தப்பிக்கலாம். மாசியில் என்ன விடுமுறை அம்மா? முழுப் பரீட்சைக்கு முந்தைய நேரம். பாடத்தை ஓட்டி முடிக்கிற அவசரத்தில் வாத்தியார்கள் இருப்பார்கள். அந்த வாரம் பார்த்து அவளை வீட்டில் நிறுத்தியிருக்கிறீர்கள். லீவு லெட்டர் யார் எழுதினார்கள்? காரணம் என்று என்ன போட்டீர்கள்? “என் தாயார் சரக்கு எடுக்க வெளிநாடு சென்றிருப்பதால் நான் சமைக்க வேண்டியுள்ளது” என்று எழுதியிருக்கமாட்டீர்கள். காய்ச்சல் என்று எழுதியிருப்பீர்கள். கீழே உங்கள் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டிருப்பார்.

உங்களைப் போன்றவர்களின் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. திருப்பூருக்கும் சூரத்துக்கும் போகிறவர்கள், பரமக்குடியில் தறிக்காரர்களிடம் சேலை எடுக்கிறவர்கள், எல்லோரும் ஒரே பாட்டுத்தான்: என் உழைப்பு யாருக்கும் தெரியவில்லை. உங்கள் உழைப்பு எனக்குத் தெரிகிறது. பிளாட்டினத்தில் மூன்று பீஸ் எடுத்தால்தான் ஹோல்சேல் விலை. கடைக்காரி கால்குலேட்டரில் ஒரு எண்ணைத் தட்டி நீட்டுவாள், நீங்கள் அதைக் குறைத்துத் தட்டித் திருப்பி நீட்டுவீர்கள், அவள் தலையை ஆட்டுவாள். ஒரு வார்த்தை பேசாமல் பத்து நிமிடம் இப்படியே நடக்கும். போட்டுப் பார்க்கவும் விடமாட்டார்கள். ஃப்ரீ சைஸ் என்று தொங்குவதில் பாதி அந்த ஊர்ப் பெண்களின் அளவு. நம் ஊரில் இரண்டு பிள்ளை பெற்றவளுக்குத் தோள் தாண்டி இறங்காது. அதைக் கண்ணாலேயே அளந்து எடுக்கத் தெரிய வேண்டும். உங்களுக்கு அது தெரிந்திருப்பதால்தான் கடை இத்தனை வருடம் நிற்கிறது. இதற்கு மேல் முதுகில் தட்டிக்கொடுக்க எனக்கு நேரமில்லை.

நீங்கள் வியாபாரி, வியாபாரக் கணக்கிலேயே கேட்கிறேன். 150 தாய்லாந்து பாட் கொடுத்து எடுத்த டாப்ஸை அந்த விலையை ரூபாயாக மாற்றி அப்படியே ஸ்டிக்கர் ஒட்டிவிடுவீர்களா? மாட்டீர்கள். டிக்கெட், ரூம் வாடகை, கார்கோவுக்குக் கிலோவுக்கு இவ்வளவு, விற்காமல் ஹேங்கரிலேயே தொங்கப்போகிற பத்து பீஸ், எல்லாவற்றையும் தலைக்கு இவ்வளவு என்று ஏற்றித்தான் அடக்க விலை போடுவீர்கள். பாங்காக்கில் குடித்த இளநீர்கூட அந்தக் கணக்கில் ஏறியிருக்கும். மகளின் ஐந்து நாள் எந்த டாப்ஸில் ஏறியிருக்கிறது?

கடையை விட்டுப் போக இரண்டு பெண்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பழக்கி வைத்திருக்கிறீர்கள். வீட்டை விட்டுப் போக மட்டும் ஒரு பைசா செலவில்லை. உங்கள் கடைப் பெண் ஐந்து நாள் லீவு கேட்டால் கணக்குப் பார்ப்பீர்கள், இல்லையா? இவள் கேட்கவும் இல்லை, யாரும் பார்க்கவும் இல்லை.

“கெட்டிக்காரி” என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. சின்ன வயதில் உங்களையும் யாராவது இப்படிச் சொல்லித்தான் பழக்கியிருப்பார்கள். பெண்பிள்ளைக்கு அது சம்பளம் இல்லாத வேலைக்கான சர்டிபிகேட். உங்கள் மகனை யாரும் கெட்டிக்காரன் என்று சொல்லி அடுப்படிக்கு அனுப்பவில்லை. அவனுக்கு ப்ளஸ் டூ. மாசியில் பொதுத்தேர்வு நெருக்கம், ஒப்புக்கொள்கிறேன். புரட்டாசியில் என்ன நெருக்கம்? அப்போது அண்ணனும் தங்கச்சியும் எழுதியது காலாண்டுப் பரீட்சைதான். வருகிற புரட்டாசியில் அவள் பத்தாம் வகுப்பில் இருப்பாள், அவளுக்குப் பொதுத்தேர்வு. அவனுக்கு இந்த வருடம் கொடுத்த மரியாதையை அவளுக்குக் கொடுக்க எண்ணம் இருக்கிறதா? உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி ஒன்றும் தெரியவில்லை.

மாத்திரை விஷயம் இன்னும் மோசம். சர்க்கரைக்குப் போடும் சில மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சாப்பாடு அரை மணி, ஒரு மணி தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டும், மயக்கம்கூட வரும். அந்த நேரத்தில் அந்தப் பெரிய வீட்டில், முகப்புக்கும் இரண்டாங்கட்டுக்கும் நடுவில், பதினாலு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? உங்களுக்கு வீடியோ கால் போடும். நீங்கள் ஃபுட் கோர்ட்டில் தட்டோடு உட்கார்ந்திருப்பீர்கள்.

நான் பழைய காலத்து ஆள். பெற்றவர்களையும் மாமனார் மாமியாரையும் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது பேச்சே கிடையாது. பிள்ளைகள் வீட்டு வேலை பழக வேண்டும் என்பதிலும் கிடையாது. ஆனால் பழக வேண்டியவர்கள் இரண்டு பிள்ளைகளும்தான், அதுவும் ஸ்கூல் விட்டு வந்த பிறகு. தாயாரைப் பார்க்கிற கடமை முதலில் மகனுக்கு. அப்புறம்தான் மருமகளுக்கு. பேத்தி அந்த வரிசையிலேயே இல்லை.

அந்த மகன் எங்கே? உங்கள் கடிதத்தில் திருச்சி ரோட்டில் கார் ஓட்டுகிறார், அப்புறம் ஆன்லைன் பற்றி ஆலோசனை சொல்கிறார். நல்லவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். சொந்தமாக ஃபைனான்ஸ் நடத்துகிறவர், யாரிடமும் லீவு கேட்க வேண்டியதில்லை. பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்து தாயாருக்கு மாத்திரையை எடுத்துக் கொடுத்து, கூட உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனால் எந்தத் தவணை நின்றுவிடும்?

நம் பக்கத்து ஆண்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சைகோனுக்கும் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன காலத்தில், ஒரு தடவை போனால் மூன்று வருடம். தொழில் நடத்திய கிட்டங்கிக் கூடத்திலேயே பாயை விரித்துப் படுத்து, பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு எழுதினார்கள். வீட்டில் பெரியவர்களுக்கு யார் கஞ்சி வைத்தது என்று கவலைப்படவில்லை. இங்கே ஆச்சிமார் இருந்தார்கள். வீடு, பிள்ளை, வரவு செலவு, பேச்சு வார்த்தை எல்லாம் அவர்கள் தலையில். பல வீடுகளில் பெண்பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை, அதனால் அவள் வீட்டில் நிற்பதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை. இப்போது உங்கள் வீட்டில் கொண்டுவிக்கப் போவது நீங்கள். ஊரில் இருப்பது அவர். அப்போது வீட்டை யார் பார்க்க வேண்டும் என்பதற்குப் பஞ்சாயத்து வைக்க வேண்டுமா என்ன? மூன்று வருடம்கூட இல்லை, ஐந்து நாள்.

இப்போது மாமியாருக்கு வருகிறேன். அவர் இரண்டு நாள் பேசாமல் இருப்பது கடல் தாண்டியதற்காகத்தான் என்று நீங்களே முடிவு செய்துகொண்டீர்கள். அந்த ஐந்து நாளும் பேத்தி கையால் சாப்பிட்டவர் அவர். புத்தகப் பை ஆணியில் தொங்குவதை வளவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவரும் அவர்தான். சட்டையைச் சொல்லித் திட்டுகிறார், மனதில் வேறு இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். “பிள்ளையை ஸ்கூலுக்கு அனுப்புங்கடா” என்று அவர் தம் மகனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்ற கோபம் எனக்கும் உண்டு. ஆனால் நீங்கள் ஒரு தடவையாவது கிட்டப் போய் உட்கார்ந்து, “நான் போனால் உங்களுக்கு என்ன கஷ்டமாக இருக்கிறது?” என்று கேட்டீர்களா? தினமும் ஃபோனில் மகளிடம்தான் பேசுகிறீர்கள், மாத்திரை போட்டாயிற்றா என்று. மாமியார் கையில் ஃபோனைக் கொடு என்று சொன்னதாக ஒரு வரி இல்லை. வாய் உள்ள மனுஷி மாத்திரை போட்டாளா என்று இன்னொருத்தி சாட்சி சொன்னால், யாருக்குத்தான் முகம் கொடுத்துப் பேசத் தோன்றும்?

ஆன்லைன் விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரர் சொல்வது பாதி சரி. பிரதுனாமில் தொங்குவதில் நிறைய சீனாவிலிருந்து வந்ததுதான். ஆனால் ஃபோட்டோவை ஈரக் கைக்குட்டையால் தேய்க்க முடியாது. அதை அவரிடம் சொல்லிவிட்டு அந்தப் பேச்சை முடியுங்கள்.

அடுத்த தடவை கிளம்புமுன் ஒரு சமையல்கார அம்மாவை ஐந்து நாளைக்குப் பேசி வையுங்கள். கூலியை அடக்க விலையில் ஏற்றுங்கள். ஒரு டாப்ஸுக்கு எவ்வளவு ஏறிவிடும்? காலை மாத்திரையும் பகல் மாத்திரையும் வீட்டுக்காரர் பொறுப்பு. ராத்திரி மாத்திரை மகன் பொறுப்பு, பரீட்சை முடிந்துவிடும், இனி அவனுக்குச் சாக்கில்லை. கல்லூரிக்கு வெளியூர் போய்விட்டால் அதுவும் தகப்பனார் தலையில். வீட்டுக்கு ஃபோன் பண்ணுவதை உங்கள் நேரம் ராத்திரி எட்டுக்கு மாற்றுங்கள், இங்கே ஆறரையாக இருக்கும். மகளிடம் கிளாஸில் என்ன நடந்தது என்று கேளுங்கள், சாதத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம். இந்த மாசியில் விட்டுப்போன பாடத்தை யார் நோட்டைப் பார்த்து எழுதினாள், எழுதினாளா இல்லையா என்று இன்றைக்கே விசாரியுங்கள். கணக்கில் ஐந்து நாள் விட்டால் அடுத்த அத்தியாயமும் புரியாது.

கடைசியாக ஒன்று. மிச்சத்தைப் பெட்டியில் அடைப்பேன் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். விற்பதற்காக வாங்கிய சரக்கு, பயணி கொண்டுவரும் சொந்தச் சாமான் கணக்கில் சேராது. கஸ்டம்ஸில் பெட்டியைத் திறந்து ஒரே டாப்ஸ் ஆறு கலரில் இருப்பதைப் பார்த்தால் தங்கச்சிக்கு என்று சொல்லித் தப்பிக்க முடியாது. முறையாக இறக்குமதி செய்ய ஐ.இ.சி. எண், அதாவது இறக்குமதி ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு அரசு தரும் எண், வேண்டும், வரி கட்டிய பில் வேண்டும். தாய்லாந்தும் சேர்ந்த ஆசியான் நாடுகளோடு 2010 முதல் நடப்பில் இருக்கும் ஒப்பந்தத்தில் வரிச் சலுகை உண்டு என்று யாராவது சொன்னால், தாய்லாந்தில் உற்பத்தியான சரக்குக்கு, அதற்கான சான்றிதழ் இருந்தால்தான் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சீனாத் துணி பாங்காக் வழியாக வந்ததால் தாய்லாந்துத் துணி ஆகிவிடாது. ஐ.இ.சி. எண் எடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. எடுக்கவில்லை என்றால் அந்த வேலையையும் வீட்டுக்காரரிடம் கொடுங்கள். ஃபைனான்ஸ் நடத்துகிறவருக்கு ஃபாரம் நிரப்பத் தெரியாமலா இருக்கும்?