கோட்டைக்குள் புதர்

அன்புள்ள அக்கா,

சென்ற ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவிலிலிருந்து குடும்பத்தோடு கிளம்பினோம். காலையில் சிதறால் மலை, மதியம் உதயகிரிக் கோட்டை, சாயங்காலம் தேரூர்க் குளம். கூட்டமே இல்லாத, அமைதியான நாள். ஆனால் கோட்டையைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டது. எங்கே பார்த்தாலும் புதர், சுவரெல்லாம் செடி. எல்லாவற்றையும் வெட்டிச் சுத்தமாக்கி, புல்வெளி போட்டு, இரவில் விளக்கு வைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! கலெக்டருக்கு ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். என் பையனுக்கு இடிந்த சுவர்களில் ஆர்வமே வரவில்லை. "அனிமல்ஸ் எங்கேப்பா?" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் வேலிக்குள் நின்ற மானைக் காட்டிச் சமாதானப்படுத்தினேன். பிள்ளைகளுக்கு வரலாற்றில் ஆர்வம் வர என்ன செய்யலாம்?

ச., நாகர்கோவில்

அன்புள்ள தம்பி,

ஒரே நாளில் மூன்று இடங்களுக்கு ஓடியதைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. லீவு கிடைப்பதே ஞாயிற்றுக்கிழமைதான். தேரூரைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. சுசீந்திரம், தேரூர் குளங்கள் 2022இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை, நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் வருகிற இடம். அதைத் தனியாக எழுதவேண்டும், இப்போது வேண்டாம். உங்கள் கடிதத்தில் புதர் என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் நின்றுவிட்டேன். கொஞ்ச நாளாக எனக்கும் இதே யோசனைதான்.

உங்கள் பையன் கேட்டது சரியான கேள்வி. அவன் சாய்ந்து நின்ற சுவரிலேயே பதில் இருந்திருக்கும். பழைய கற்சுவரின் இடுக்கில் ஓணான் இருக்கும், அரணை இருக்கும், மைனா கூடு கட்டும். அடியில் புதர் இருந்தால் கீரி வரும், உடும்பு வரும். நீங்கள் அவனை அங்கிருந்து இழுத்துக்கொண்டுபோய் வேலிக்குள் தீவனம் தின்கிற மானைக் காட்டியிருக்கிறீர்கள். வருத்தமாக இருக்கிறது தம்பி.

எங்கள் ஊரில் பழைய திருவிதாங்கூர் சாலையோரம் ஒரு கல்மண்டபம் உண்டு. நடந்துபோகிறவர்கள் சுமையை இறக்கிவைத்து இளைப்பாறக் கட்டிய வழியம்பலம். பக்கத்தில் சுமைதாங்கிக் கல். நான் சிறுமியாக இருந்தபோதே பஸ் வந்துவிட்டது, அங்கே யாரும் இளைப்பாறுவதில்லை. சுற்றிக் கைதையும் காட்டாமணக்கும் வளர்ந்து கிடந்தன. வயலிலிருந்து திரும்பும்போது பாட்டா அங்கே உட்காருவார், என்னையும் உட்காரவைப்பார். தூணின் தலைக்கும் கூரைக்கல்லுக்கும் நடுவில் ஒரு இடுக்கு, அதில் இரண்டு புள்ளி ஆந்தைகள். பொழுது சாய்கிற நேரம் ஒன்று வெளியே வந்து எங்களைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டும். நான் சிரித்தால், "சத்தம் போடாத இரி மக்கா, அது வேலைக்குப் போவப்போவுது" என்பார் பாட்டா. ஆந்தை அலறினால் வீட்டில் சாவு விழும் என்று கல்லோடு வந்த பையன்களை ஒருநாள் விரட்டினார். "நம்ம வயல்ல எலி பிடிக்க நீ வருவியாலே?"

அப்புறம் ஊரில் சிலர் சேர்ந்து பணம் பிரித்து அந்த மண்டபத்தைப் புதுப்பித்தார்கள். நல்ல எண்ணம்தான். புதரை வெட்டினார்கள், இடுக்கெல்லாம் சிமெண்ட் வைத்து அடைத்தார்கள், தரைக்கு டைல்ஸ் ஒட்டினார்கள், தூணுக்குப் பெயிண்ட் அடித்தார்கள், இரவு முழுக்க எரிகிற விளக்கு ஒன்றும் போட்டார்கள். ஒரு தூணில் தேய்ந்துபோன எழுத்து கொஞ்சம் இருந்தது, அதுவும் பெயிண்டுக்குள் போய்விட்டது. பாட்டா அப்போது படுக்கையில். "அதுக எங்க போச்சு?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஆந்தையை விரட்டிய அதே கைதான் எழுத்தையும் அழித்தது. இதைத்தான் நான் யாரிடம் பேசினாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் காலையில் ஏறிய சிதறாலில், ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், குணந்தாங்கிக் குறத்திகள் என்ற சமணப் பெண் துறவி அங்குள்ள தேவிக்குப் பொன் நகை கொடுத்ததை வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் வெட்டிவைத்திருக்கிறார்கள். சுமார் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முந்திய சங்கதி. அந்தப் பாறையை அழகாக்கவேண்டும் என்று யாருக்காவது தோன்றியிருந்தால் அந்த அம்மாவின் பெயர் நமக்குக் கிடைத்திருக்குமா?

கோட்டையில் புதரை வெட்டுவது போர்க்காலத்து வேலை. எதிரி மறைந்து வருவான் என்று வெட்டினார்கள். உதயகிரிக்கு இனி எந்தப் படை வரப்போகிறது? சுமார் 90 ஏக்கர், நடுவில் ஒரு குன்று. அதைப் புல்வெளியாக்கி விளக்குப் போட்டால் ஆந்தைக்கும் வௌவாலுக்கும் இரவே இருக்காது. அமைதியான நாள் என்று எழுதுகிறீர்கள், அந்த அமைதியைக் கொடுத்ததே நீங்கள் வெட்டச்சொல்கிற புதர்தான்.

ஆனால் சுவரில் முளைத்த செடி வேறு விஷயம். பறவை எச்சத்தில் விழுந்த அரசும் ஆலும் கல்லிடுக்கில் வேர்விட்டுச் சுவரையே பிளந்துவிடும். மேலே மட்டும் வெட்டினால் மறுபடி துளிர்க்கும். கன்றாக இருக்கும்போதே, கல் அசையாமல், வேர் சாகும்படி எடுக்கவேண்டும். எடுத்த இடத்தைச் சிமெண்டால் பூசக்கூடாது. சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும், பழைய காரையும் கல்லும் உதிர ஆரம்பிக்கும். சுண்ணாம்புக்காரைதான் வேண்டும். தரையில் நிற்கிற புதர் யாரையும் இடிக்கவில்லை, அதை விட்டுவிடுங்கள்.

பையனுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டீர்கள். அடுத்த முறை உதயகிரிக்கு மட்டும் போங்கள், காலையிலேயே போங்கள். இடிந்த தேவாலயத்துக்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களோடு வந்து தோற்றுச் சிறைப்பட்டவர், பிறகு அவர்களைத் தோற்கடித்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்கே தளபதியானவர், 1777இல் இறந்தவர். லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. லத்தீன் வாசகம் "நில், வழிப்போக்கனே" என்று தொடங்குகிறது. அவனை அங்கே நிறுத்திக் கதையைச் சொல்லுங்கள். பிறகு சுவரோரம் உட்காரவையுங்கள், ஓணான் தானாக வரும். இடுக்கில் கையை விடவேண்டாம் என்று சொல்லிவையுங்கள், பாம்பும் இருக்கும்.

அந்த மனுவை இப்படியே அனுப்பிவிடாதீர்கள் தம்பி. புல்வெளி, விளக்கு இரண்டையும் அடித்துவிட்டு, சுவரில் முளைத்த கன்றுகளை முறையாக எடுக்கச்சொல்லி எழுதுங்கள். எழுதி எனக்கு அனுப்பினால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.